மாதவிடாய் நிற்கப் போகும் வருடங்கள்: நாற்பது பக்க நோட்டோடு டாக்டரிடம் போங்கள்

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். இப்போது 49 வயது. ஐந்து வருடத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதத்து மத்தியானம், அவித்த முட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் இருந்து ஒரு வெக்கை கிளம்பிக் கழுத்து, காது மடல், உச்சந்தலை என்று ஏறியது. அடுப்புச் சூடு என்று நினைத்து வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து நின்றேன். மரத்தடியில் நல்ல காற்று. ஆனாலும் முதுகில் வேர்வை ஊற்றி ரவிக்கை நனைந்து ஒட்டிக்கொண்டது. நாலைந்து நிமிடம் கழித்து உடம்பு அப்படியே சில்லிட்டு நடுங்கியது. திரும்பப் போய் எண்ணி முடித்துப் பதிவேட்டில் எழுதினேன். சமையல்கார அக்கா எட்டிப் பார்த்து, "முட்டை நூத்திப் பன்னெண்டுல்லா டீச்சர், நூத்தி இருவத்தொண்ணுன்னு எழுதிருக்கிய" என்றார். அத்தனை வருடக் கணக்கில் எனக்கு அப்படி ஒரு தப்பு வந்ததே இல்லை.

இதற்குப் பெரிமெனோபாஸ் என்று பெயர் என்பதே எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த இரண்டு வருடம் இன்னொருத்திக்கு வீணாகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மாதவிடாய் கடைசியாக வந்து 12 மாதம் முழுதாக வராமல் இருந்தால் அது மெனோபாஸ். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் அது வருகிறது. அதற்கு முந்தைய நாலு முதல் எட்டு வருடம் வரைதான் பெரிமெனோபாஸ். அப்போது சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். படிப்படியாகக் குறைந்தால் உடம்பு பழகிக்கொள்ளும். ஏறி இறங்குவதால்தான் இவ்வளவு பாடு. அயன் பாக்ஸில் சூட்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட் இருக்கிறதல்லவா, மூளையிலும் அப்படி ஒன்று உண்டு. ஈஸ்ட்ரோஜன் தள்ளாடும்போது அது கூசிப்போய், உடம்பு துளி சூடானாலும் "ரொம்பச் சூடு" என்று உத்தரவு போட்டுவிடுகிறது. உடனே ரத்தம் தோலுக்குப் பாய்கிறது, வேர்வை ஊற்றுகிறது, அப்புறம் குளிர்கிறது.

வெக்கை எல்லாருக்கும் தெரிந்தது. மற்றவற்றைத்தான் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்து நெஞ்சு படபடக்கும். நான் மாரடைப்பு என்று பயந்து இசிஜி எடுத்தேன், ஒன்றும் இல்லை. (எடுத்தது சரிதான். நெஞ்சுப் படபடப்பை இதய டாக்டர் பார்த்த பிறகுதான் இந்தக் கணக்கில் எழுத வேண்டும்.) இடது தோள்பட்டை இறுகி, மேல்தட்டுப் பருப்பு டின்னை எடுக்க முடியவில்லை. தோலில் எறும்பு ஊர்கிற மாதிரி அரிப்பு. மூட்டு வலி, தலைமுடி கொட்டுவது, சிறுநீர் அடக்க முடியாமை, உறவின்போது எரிச்சல், பேச்சின் நடுவில் தெரிந்த பெயரே மறந்துபோவது, காரணமில்லாத அழுகை. தோளுக்கு ஒரு டாக்டர், அரிப்புக்கு ஒரு டாக்டர், தூக்கத்துக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்ட மாத்திரை என்று அலைந்தேன். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

நோட்டில் என்ன எழுத வேண்டும்

கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நான் இருப்புப் பதிவேடு எழுதிப் பழகியவள் என்பதால் அதே மாதிரி கோடு போட்டேன்: தேதி, உதிரப்போக்கு, வெக்கை, தூக்கம், மனசு, மற்றது. என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கும்: "செவ்வாய். இரண்டாம் நாள். நாப்கின் 8. நெல்லிக்காய் அளவில் கட்டி 2. வெக்கை பகலில் 5, ராத்திரி 1.40, 3.15. தூக்கம் நாலு மணி நேரம். பையன் குழம்பில் உப்பு இல்லை என்றதற்குக் கத்தினேன், பிறகு அழுதேன். இடது தோள் வலி."

நாப்கின் எண்ணிக்கை முக்கியம். "நிறையப் போகுது டாக்டர்" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று முழுதாக நனைகிறது என்றால் புரியும். துணி வைப்பவர்கள் எத்தனை தடவை மாற்றினார்கள் என்று எழுதலாம். ஏழு நாளுக்கு மேல் போனால், இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் வந்தால், உறவுக்குப் பின் வந்தால், அந்த நாளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். வெக்கைக்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் ஒரு வார்த்தை எழுதுங்கள். எனக்குச் சாயங்காலக் காபியும் மிளகாய்க் காரமும்தான் என்று மூன்று வாரத்தில் தெரிந்துவிட்டது. காபியை ஒரு வேளையாகக் குறைத்தேன். வெக்கை போகவில்லை, பாதியாவது குறைந்தது.

இரண்டு மூன்று மாதம் எழுதினால் போதும். ஆனால் உதிரம் கொட்டுகிறது என்றால் நோட்டு நிறையும்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போங்கள்.

முதல் டாக்டர், இரண்டாவது டாக்டர்

எனக்கு 45 வயதில் பெரும்பாடு, அதாவது அளவுக்கு மீறிய உதிரப்போக்கு. பள்ளிக்கூட நாற்காலியில் கறை படுமோ என்று கறுப்புச் சேலையாகவே கட்டிய காலம். டவுன் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். ஐந்து நிமிடம் கூடப் பேசவில்லை, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், எந்தத் தேதி சௌகரியம் என்று கேட்டார்கள். வீட்டிலும் அதே பேச்சு. பக்கத்து வீட்டு ஆச்சி, "புள்ள பெத்தாச்சு, இனி அது எதுக்கு, சவத்த எடுத்துப் போட்டுரு" என்றார். பாவம், அவர் காலத்தில் அவருக்குச் சொன்னதை அவர் எனக்குச் சொன்னார்.

நல்ல வேளையாக என் ஹீமோகுளோபின் மிகவும் குறைந்து 7.8 ஆக இருந்ததால் உடனே ஆபரேஷன் முடியாது என்றார்கள். அந்த இடைவெளியில் பஸ் ஏறிப் பாளையங்கோட்டை போனேன். அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் இரண்டாவது டாக்டரைப் பார்க்கப் பஸ் செலவு தடையாக இருக்க வேண்டாம். அங்கே ஹைகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மகளிர் ஓ.பி.க்கு எந்தப் பெண்ணும் போகலாம். காலையில் சீக்கிரம் போங்கள், கையில் சாப்பாடு கொண்டு போங்கள், பழைய ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் கட்டிக்கொண்டு போங்கள்.

நான் பார்த்த இரண்டாவது டாக்டரம்மா நோட்டை வாங்கி நாலு பக்கம் வாசித்தார். பிறகு அவர் கேட்ட பரிசோதனைகள் இவை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சத்து இருப்பு), தைராய்டு, சர்க்கரை, பி12, வைட்டமின் டி, அடிவயிற்று ஸ்கேன், பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான பரிசோதனை). 45 வயதுக்கு மேல் உதிரப்போக்கு மாறினால் கர்ப்பப்பையின் உள்சவ்வில் இருந்து துளி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று அதையும் செய்தார். புற்று இல்லை என்று தெரிந்த பிறகுதான் மருந்தைப் பற்றிப் பேசினார். தைராய்டை விடக் கூடாது. படபடப்பு, அலுப்பு, முடி கொட்டுவது எல்லாம் அதிலும் வரும். லேப்களில் "ஹார்மோன் பேக்கேஜ்" என்று ஒன்று விற்பார்கள். 45 தாண்டியவர்களுக்கு அது பெரும்பாலும் வீண் செலவு. அதில் பார்க்கும் எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோன் இன்றைக்கு ஒரு அளவு, அடுத்த வாரம் ஒரு அளவு இருக்கும். வயதும் அறிகுறிகளும் போதும். நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நிற்கிறது என்றால் கதை வேறு. அப்போது அந்தப் பரிசோதனை கட்டாயம்.

கர்ப்பப்பை எடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. புற்று, மருந்துக்கு அடங்காத பெரிய கட்டி என்று தேவைப்படுகிறவர்கள் உண்டு. முதல் சந்திப்பிலேயே தேதி குறிப்பதைத்தான் சொல்கிறேன். தேவையில்லாத அறுவையைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி 2023இல் உச்ச நீதிமன்றமே எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. எடுத்தே ஆக வேண்டும் என்றால், "சினைப்பையையும் எடுக்கிறீங்களா, ஏன்?" என்று கட்டாயம் கேளுங்கள். நாற்பதுகளில் இரண்டு சினைப்பையையும் எடுத்தால் மெனோபாஸ் ஒரே நாளில் வந்துவிடும். எலும்பும் இதயமும் சீக்கிரம் பாதிக்கும்.

உதிரப்போக்குக்கு என் மருந்து மூன்று கட்டம். முதலில், போக்கு அதிகமான நாட்களில் மட்டும் டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை. (ரத்தக் கட்டு வந்தவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும்.) கூடவே இரும்புச் சத்து மாத்திரை. அதை எலுமிச்சம்பழச் சாற்றோடு சாப்பிடுங்கள். டீ, காபி, கால்சியம் மாத்திரையோடு சேர்த்தால் உடம்பில் ஒட்டாது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். மூன்றாவதாக ஹார்மோன் லூப். காப்பர் டி மாதிரிதான் இருக்கும், கர்ப்பப்பைக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக மருந்து விடும். ஐந்து வருடமாவது வேலை செய்யும். வைத்த முதல் மாதங்களில் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது. நாலாம் மாதம் எடுத்துவிடச் சொல்லிப் போய் நின்றேன். "ஆறு மாசம் வரைக்கும் அப்படித்தான் இருக்கும், இன்னும் கொஞ்சம் பொறு" என்றார். ஐந்தாம் மாதம் நின்றது. அதற்குப் பிறகு கறுப்புச் சேலை கட்டவில்லை.

ஹார்மோன் என்றதும் பயம்

வெக்கைக்கும் ராத்திரி வேர்வைக்கும் மிக நன்றாகக் கேட்பது ஹார்மோன் மருந்துதான். டாக்டரம்மா சொன்னதும் நான், "கேன்சர் வருமாமே" என்றேன். அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள், செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63 என்பது அவ்வளவாகப் பரவவில்லை. அறுபது வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குகிற ஆரோக்கியமான பெண்ணுக்கு நன்மைதான் மேல் என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்துப் பல வருடம் எடுத்தால் மார்பகப் புற்றுக்கான வாய்ப்பு சிறிதளவு கூடுகிறது, அதையும் அவர் மறைக்காமல் சொன்னார்.

தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று. கர்ப்பப்பை இருக்கிறவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது, உள்சவ்வு தடித்துப் புற்றில் கொண்டுபோய் விடலாம். கூடவே புரோஜெஸ்டோஜன் வேண்டும். எனக்கு லூப்பே அந்த வேலையைச் செய்கிறது. ஈஸ்ட்ரோஜனை ஜெல்லாகத் தோலில் பூசுகிறேன். தோல் வழியாகப் போனால் மாத்திரையைப் போல ரத்தக் கட்டு அபாயம் கூடுவதில்லை என்றார்கள். குளித்துவிட்டு மேல்கையில் பூசி, காயும்வரை சேலையை மேலே போடாமல் நிற்பேன். அந்த இடத்தைச் சின்னப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் வாரம் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கி, விடியக்காலம் கோயில் மணி கேட்டு எழுந்தேன். எழுந்ததும் எனக்கு அழுகை வந்தது. அது வேற அழுகை.

மார்பகப் புற்று வந்தவர்கள், ரத்தக் கட்டோ பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு இருப்பவர்கள் இதை எடுக்கக் கூடாது. அவர்களுக்கும் வழி உண்டு. மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் வென்லாஃபாக்சின் போன்ற சில மாத்திரைகளும், நரம்பு வலிக்குக் கொடுக்கும் காபாபென்டினும் வெக்கையைக் குறைக்கும். மனநல ஆலோசனையிலும் வெக்கைக்கும் தூக்கத்துக்கும் என்றே பயிற்சி இருக்கிறது.

பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நம் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் அங்கே போவார்கள். போகலாம். முறையாகப் படித்தவரிடம் போங்கள், அங்கே சாப்பிடுவதை இங்கேயும், இங்கே சாப்பிடுவதை அங்கேயும் சொல்லுங்கள். லேபிள் இல்லாத டப்பாவில் பஸ் ஸ்டாண்டில் விற்கும் லேகியத்தை மட்டும் தொடாதீர்கள்.

வீட்டில் செய்தது

பத்தமடைக் கோரைப்பாய் வாங்குங்கள். மெத்தை உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துத் திருப்பிக் கொடுக்கும், பாய் பிடித்து வைக்காது. நைலான் நைட்டியை விட்டுப் பழைய பருத்திச் சேலைக்கு மாறினேன். தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீர், ஈரத்துண்டு, மாற்று ரவிக்கை. வெக்கை கிளம்புகிறது என்று தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்து, துண்டைப் பிடரியில் போட்டு, மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடுவேன். ஆனி ஆடியில் சாரல் காற்று அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி நிம்மதி. சித்திரைக்குத்தான் மருந்து வேண்டும்.

சாப்பாட்டில் நம் ஊர்க்காரர்களுக்குக் கஷ்டமே இல்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு வேகமாகத் தேயும். உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் நம் வீட்டில் எப்போதும் உள்ளதுதான், வாரத்துக்கு இரண்டு தடவையாக ஆக்கினேன். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி, மோர், தினம் ஒரு முட்டை. பெரியவளானபோது உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார்களே, இந்த வயதிலும் கிண்டித் தின்னலாம், கருப்பட்டியை மட்டும் சர்க்கரை அளவு பார்த்துப் போடுங்கள். அதோடு எலும்புக்குப் பாரம் தூக்க வேண்டும். இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி இரண்டு கையிலும் தூக்கி இறக்குகிறேன், நாற்காலியில் இருந்து கையூன்றாமல் இருபது தடவை எழுந்து உட்காருகிறேன். காலையில் கால்வாய்க் கரையில் அரை மணி நேரம் நடை. தோள் இறுக்கம் பிசியோதெரபியில் ஒரு வருடம் எடுத்துத்தான் விட்டது.

உறவின்போது எரிச்சல் என்பதை டாக்டரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நோட்டில் எழுதிக் காட்டினேன். உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் கொடுத்தார். ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும், அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றும் அதில் குறைந்தது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யாதவர்கள் இந்த வயதில் கர்ப்பம் வராது என்று நினைக்க வேண்டாம், வரும்.

வீட்டுக்காரரிடம் சொல்லத்தான் வேண்டும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் நோட்டைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டு, "இவ்வளவு நாளா ராத்திரி முழிச்சிட்டா இருந்த?" என்றார். மறுநாளில் இருந்து காலை அடுப்பை அவர் பற்ற வைக்கிறார். எல்லா வீட்டிலும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன், சொல்லாத வீட்டில் நடக்கவே நடக்காது. வாழ்க்கையே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் அதை வயசுக் கோளாறு என்று விடாதீர்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒன்று. முக்கூடலில் இருக்கும் என் மைனிக்கு 14 மாதம் நின்றிருந்த உதிரம் திரும்ப வந்தது. பீடிச் சுளகை மடியில் வைத்துக்கொண்டு, "திரும்ப வந்துட்டு, உடம்புல இன்னும் தெம்பு இருக்குன்னுதான அர்த்தம்" என்று சிரித்தார். ஒரு வருடம் நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே பார்க்க வேண்டும், அதில் சிலருக்குப் புற்று இருக்கும். மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேனில் உள்சவ்வு தடிப்பாகத் தெரிந்து, துளி எடுத்துப் பார்த்தார்கள். சின்னச் சதை வளர்ச்சி, புற்று இல்லை, எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட் வரும்வரை பத்து நாள் மைனி ஒரு கட்டு பீடி கூடச் சுற்றவில்லை. வந்ததும் என்னிடம், "எனக்கும் ஒரு நோட்டு வாங்கிட்டு வா மைனி" என்றார்.